பழச்சாற்றுக் கலப்படமும் டி.என்.ஏ சோதனையும்

பழச்சாற்று டி.என்.ஏ சோதனை என்பது, ஒரு சாறு எந்தப் பழத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை, அச்சாற்றில் எஞ்சியிருக்கும் தாவர மரபுப்பொருளைக் கொண்டு கண்டறியும் ஆய்வக முறையாகும். விலை கூடிய பழத்தின் சாற்றில் விலை குறைந்த பழத்தின் சாறோ கூழோ சேர்க்கப்பட்டுள்ளதா என்பதை அறிய இம்முறை பயன்படுகிறது. "இதில் எந்தத் தாவரம் உள்ளது?" என்ற கேள்விக்கு இச்சோதனை துல்லியமாக விடை தரும். "இது தூய சாறா?" என்ற கேள்விக்கு இது மட்டும் விடை தராது. இவ்விரு கேள்விகளுக்கும் உள்ள வேறுபாட்டை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது.

கலப்படத்தின் வகைகள்

பழச்சாற்றில் நடைபெறும் கலப்படங்களைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

1. நீர் சேர்த்து அளவைக் கூட்டுதல். நீர்த்துப்போனது தெரியாதபடி சர்க்கரையும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தல்.
2. விலை குறைந்த வேறொரு பழத்தின் சாற்றைச் சேர்த்தல். எடுத்துக்காட்டு: மாதுளைச் சாற்றில் திராட்சை அல்லது ஆப்பிள் சாறு.
3. நிறமும் கெட்டித் தன்மையும் ஒத்த வேறு கூழைச் சேர்த்தல். எடுத்துக்காட்டு: மாம்பழக் கூழில் பப்பாளி அல்லது பரங்கிக்காய்க் கூழ்.
4. ஒரே பழத்தின் உயர்ந்த இரகத்தில் தாழ்ந்த இரகத்தைச் சேர்த்தல்.
5. செயற்கை நிறமும் மணமும் சேர்த்துப் பழமே இல்லாத பானத்தைச் சாறு என விற்றல்.

ஆய்வகங்களில் வழக்கமாகச் சாற்றின் கரைந்த திண்மப் பொருள் (பிரிக்ஸ் அளவு), அமிலத்தன்மை, சர்க்கரை, பதப்படுத்திகள், நிறமிகள் ஆகியவை அளக்கப்படுகின்றன. நீரில் சர்க்கரையையும் அமிலத்தையும் அளவாகக் கரைத்தால் பிரிக்ஸ் அளவையும் புளிப்பையும் இயற்கைச் சாற்றுக்கு இணையாகக் கொண்டுவந்துவிடலாம். ஒரு பழத்தின் டி.என்.ஏவை அவ்வாறு உருவாக்கிச் சேர்ப்பது கலப்படம் செய்பவருக்கு எளிதன்று. டி.என்.ஏ சோதனையின் பலம் இதுவே. மேற்கண்ட ஐந்து வகைகளில் இரண்டாவதையும் மூன்றாவதையும் இது நன்றாகக் காட்டும், நான்காவதை ஓரளவு காட்டும், முதலாவதைக் காட்டாது. ஐந்தாவதில், இருக்க வேண்டிய பழத்தின் டி.என்.ஏ இல்லாததே ஐயத்தை எழுப்பும்.

சாற்றில் டி.என்.ஏ எங்கிருந்து வருகிறது?

பழத்தின் சதை உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் அத்தாவரத்தின் முழு மரபுத்தகவல் உள்ளது. இதைத் தவிர, மைட்டோகாண்ட்ரியாவிலும் பசுங்கணிக வகைக் கணிகங்களிலும் தனித்தனியே சிறிய டி.என்.ஏ வளையங்கள் உள்ளன. ஆரஞ்சின் பசுங்கணிக டி.என்.ஏ சுமார் 1,60,000 எழுத்துகள் நீளமுடையது. ஓர் உயிரணுவில் இதற்குப் பல படிகள் இருப்பதால், உட்கரு டி.என்.ஏ சிதைந்துபோன சாற்றிலும் இது கிடைக்கும் வாய்ப்பு அதிகம். எனவே சாற்றுச் சோதனைகள் பெரும்பாலும் இதையே நாடுகின்றன.

பழத்தைப் பிழியும்போது உடைந்த உயிரணுக்களின் துணுக்குகள் சாற்றில் கலக்கின்றன. கலங்கலான சாற்றில் இவை மிகுதி. நொதி சேர்த்துத் தெளியவைத்து நுண்வடிகட்டியில் வடித்த ஆப்பிள் சாற்றில் மிகக் குறைவு.

சோதனை நடைபெறும் முறை

முதற்படி டி.என்.ஏவைப் பிரித்தெடுத்தல். சாற்றை மையவிலக்கியில் வேகமாகச் சுழற்றினால் உயிரணுத் துணுக்குகள் அடியில் படியும். சி.டி.ஏ.பி என்னும் சோப்புப் போன்ற வேதிப்பொருளைக் கொண்டு அவற்றின் சவ்வுகள் உடைக்கப்பட்டு, டி.என்.ஏ தனியாக்கப்படுகிறது. பழங்களில் உள்ள பெக்டினும் பாலிபீனால்களும் அடுத்த படியில் நொதி வேலை செய்வதைத் தடுப்பவை. ஆதலால் அவற்றை இப்படியிலேயே நீக்கிவிட வேண்டும்.

இரண்டாம் படி பெருக்குதல். இதற்குப் பாலிமரேஸ் தொடர் வினை (பி.சி.ஆர்) பயன்படுகிறது. இதை 1983-இல் கண்டறிந்த அமெரிக்க அறிவியலாளர் கேரி முல்லிசுக்கு 1993-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. தேடப்படும் பழத்துக்கே உரிய ஒரு சிறு வரிசையின் இரு முனைகளிலும் ஒட்டக்கூடிய தொடக்க இழைகள் (பிரைமர்கள்) முன்கூட்டியே வடிவமைக்கப்படுகின்றன. கலவையை ஏறத்தாழ 95 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் டி.என்.ஏவின் இரட்டை இழை பிரியும். 50 முதல் 60 பாகைக்குக் குளிர்வித்தால் தொடக்க இழைகள் ஒட்டும். 72 பாகையில் நொதி புதிய இழையைக் கட்டும். இது ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் படிகள் இரட்டிப்பாவதால், 30 சுற்றுகளில் ஒரே ஒரு மூலக்கூறு ஏறத்தாழ 107 கோடிப் படிகளாகும். தேடப்படும் பழம் சாற்றில் இல்லையெனில் தொடக்க இழைகளுக்கு ஒட்ட இடமில்லை; பெருக்கமும் நிகழாது.

மூன்றாம் படி கண்டறிதல். பெருகிய துண்டுகளை ஜெல்லில் மின்னாற்பிரித்து அவற்றின் நீளத்தைப் பார்க்கலாம். நிகழ்நேரப் பி.சி.ஆர் கருவியில், ஒளிரும் சாயம் எத்தனையாவது சுற்றில் தெரியத் தொடங்குகிறது என்பதைக் கொண்டு தொடக்கத்தில் இருந்த அளவையும் மதிப்பிடலாம்.

பொதுவாகப் பழச்சாற்றின் பி.எச் மதிப்பு 3-க்கும் 4-க்கும் இடைப்பட்டது. இந்த அமிலமும், பதப்படுத்தும்போது தரப்படும் வெப்பமும் டி.என்.ஏவைச் சிறுசிறு துண்டுகளாக உடைக்கின்றன. ஆகவே சாற்றுச் சோதனைகளில் 100 முதல் 200 எழுத்துகள் வரையுள்ள குறுகிய பகுதிகளே தேடப்படுகின்றன. எல்லாத் தாவரங்களுக்கும் பொதுவான ஒரு பகுதியும் உடன் சோதிக்கப்படும். அது பெருகினால்தான் "குறிப்பிட்ட பழம் இல்லை" என்ற முடிவை நம்பலாம். அதுவும் பெருகவில்லையெனில், சாற்றில் சோதிக்கத்தக்க டி.என்.ஏவே எஞ்சவில்லை என்று பொருள். கலப்படம் உண்டென்றோ இல்லையென்றோ கூற இயலாது.

ஆரஞ்சும் கமலா ஆரஞ்சும்

இத்துறையில் நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு, ஆரஞ்சுச் சாற்றில் மாண்டரின் சாறு கலப்பதாகும். மாண்டரின் (சிட்ரஸ் ரெட்டிகுலேட்டா) சாறு ஆழ்ந்த நிறமுடையது. வெளிறிய ஆரஞ்சுச் சாற்றின் நிறத்தைத் தூக்கிக் காட்ட அது சேர்க்கப்படுகிறது. இதைக் கண்டறியும் பி.சி.ஆர் முறை பிரித்தானியாவில் 2000-இலேயே வெளியிடப்பட்டது.

இம்முறை செயல்படுவதற்கு ஆரஞ்சின் பிறப்பே காரணம். சீனி ஆரஞ்சு (சிட்ரஸ் சினென்சிஸ்) இயற்கையில் தனியாகத் தோன்றிய இனம் அன்று; பம்பளிமாசும் மாண்டரினும் கலந்து உருவான கலப்பினம். பசுங்கணிகம் தாய்வழி மட்டுமே வருவது. ஆரஞ்சின் பசுங்கணிகம் பம்பளிமாசு வழி வந்தது, மாண்டரினுடையது வேறு. இரண்டின் வரிசைகளிலும் சில எழுத்துகள் வேறுபடுவதால், சாற்றில் மாண்டரின் பசுங்கணிகம் இருக்கிறதா எனப் பார்த்துவிடலாம். ஆனால், ஆரஞ்சைத் தாயாகவும் மாண்டரினைத் தந்தையாகவும் கொண்டு உருவாக்கிய கலப்பினப் பழத்தின் சாறு கலக்கப்பட்டிருந்தால், பசுங்கணிகத்தை மட்டும் பார்க்கும் சோதனை அதைத் தவறவிடும்.

மாண்டரின் கலந்தால் அது குற்றமா என்பது நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. 2005-இல் வெளியான கோடெக்ஸ் பன்னாட்டுத் தரம் ஆரஞ்சுச் சாற்றில் 10% வரை மாண்டரின் சாற்றை அனுமதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மாண்டரின் சேர்த்தால் அதைப் பெயரிலேயே தெரிவிக்க வேண்டும். ஒரே ஆய்வக முடிவு ஓரிடத்தில் குற்றச்சாட்டாகவும் மற்றோரிடத்தில் பொருட்படுத்தத் தேவையற்றதாகவும் அமைகிறது.

நம் ஊருக்கு வந்தால் இது இன்னும் சிக்கலாகும். புதுச்சேரியில் குபேர் அங்காடியிலோ தெருவோரத் தள்ளுவண்டியிலோ "ஆரஞ்சு" என்று கேட்டால் கிடைப்பது, தோல் எளிதில் உரியும் கமலா ஆரஞ்சு. நாக்பூர் ஆரஞ்சும் குடகு ஆரஞ்சும் இவ்வகையே. தாவரவியல்படி இவை மாண்டரின்கள். நாம் சாத்துக்குடி என்று சொல்வதைத்தான் இந்தியத் தோட்டக்கலை நூல்கள் சீனி ஆரஞ்சு வகையில் சேர்க்கின்றன. பிரெஞ்சு மொழியில் இவ்விரு பழங்களுக்கும் "ஒராஞ்ஜ்", "மாந்தரீன்" என இரு தனிப் பெயர்கள் உண்டு. நம் சந்தை வழக்கிலோ மாண்டரினே ஆரஞ்சு. நாக்பூர்ப் பழத்திலிருந்து நேர்மையாகப் பிழிந்த "ஆரஞ்சுச் சாறு" ஐரோப்பியச் சோதனையில் முழுக் கலப்படமாகத் தெரியும். சோதனை பொய் சொல்லவில்லை. பெயர்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. எனவே சோதனைக்கு முன்பே, ஒரு பெயர் எந்தத் தாவரத்தைக் குறிக்கிறது என்பதைத் தரவிதிகள் தெளிவாக வரையறுக்க வேண்டும். இல்லையேல் நேர்மையான உற்பத்தியாளர் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடும்.

இந்தியாவில் உணவு டி.என்.ஏ சோதனை

இந்தியாவில் இத்தொழில்நுட்பம் பழச்சாற்றைக் காட்டிலும் பிற உணவுப் பொருள்களில் நன்கு வேரூன்றியுள்ளது. ஐதராபாத்தில் உள்ள டி.என்.ஏ ரேகைப்பதிவு மற்றும் நோயறிதல் மையம், பாசுமதி அரிசியில் பிற அரிசி கலந்திருப்பதைக் கண்டறிந்து அளவிடும் முறையை 2007-இல் வெளியிட்டது. கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், மிளகுத் தூளில் பப்பாளி விதையும், மஞ்சள் தூளில் பிற காட்டு மஞ்சள் இனங்களும் கலந்திருப்பதைக் காட்டும் டி.என்.ஏ அடையாளங்களை உருவாக்கியது. முழு மிளகில் பப்பாளி விதையைக் கண்ணாலேயே பிரித்துவிடலாம். அரைத்தபின் கண்ணுக்குத் தெரியாது. சாறும் அரைத்த தூளைப் போன்றதே: உருவம் அழிந்தபின் அடையாளம் டி.என்.ஏவில் மட்டுமே எஞ்சுகிறது.

தமிழ்நாட்டில் இச்சோதனைக்கு மிகவும் பொருத்தமான களம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாம்பழக் கூழ்த் தொழிலாகும். அங்கு தோத்தாபுரி (பெங்களூரா, கிளிமூக்கு மாம்பழம்), அல்போன்சா ஆகிய இரகங்கள் கூழாக்கப்படுகின்றன. அல்போன்சாக் கூழ் விலை கூடியது. அதில் தோத்தாபுரிக் கூழைக் கலந்தால் கண்டறிவது கடினம். ஏனெனில் இரண்டும் ஒரே இனம் (மாஞ்சிஃபெரா இண்டிகா). இன வேறுபாட்டைக் காட்டும் வழக்கமான பசுங்கணிகச் சோதனை இங்கே உதவாது. உட்கரு டி.என்.ஏவில் திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர்களையோ, ஓரெழுத்து வேறுபாடுகளையோ ஒப்பிட வேண்டும். அல்போன்சாவின் மரபுத்தொகுதி 2020-இல் வெளியிடப்பட்டிருப்பது இத்தகைய ஒப்பீட்டுக்குத் துணைபுரியும். எனினும், சூடாக்கிப் பதப்படுத்திய கூழில் உட்கரு டி.என்.ஏ சிதைந்திருக்கும் என்பது இதிலுள்ள இடர்ப்பாடு.

டி.என்.ஏ காட்டாத கலப்படம்

சர்க்கரை ஆலையில் தூய்மையாக்கப்பட்ட சர்க்கரையில் சோதிக்கத்தக்க கரும்பு டி.என்.ஏ ஏறத்தாழ எதுவும் எஞ்சுவதில்லை. நீரில் டி.என்.ஏ இல்லை. ஆகவே பாதி மாம்பழக் கூழும் பாதி சர்க்கரை நீரும் கலந்த பானத்தைச் சோதித்தால், "மாம்பழ டி.என்.ஏ மட்டுமே உள்ளது" என்ற முடிவே வரும். மிகப் பரவலான கலப்படத்தை மிக நவீனமான சோதனை காணாமல் விடுகிறது.

இதற்குக் கரிம ஐசோடோப்பு முறை உதவுகிறது. கரும்பும் மக்காச்சோளமும் சி4 தாவரங்கள்; மா, ஆரஞ்சு, ஆப்பிள் ஆகியவை சி3 தாவரங்கள். இவ்விரு வகைகளும் காற்றிலிருந்து கரிமத்தை வெவ்வேறு முறையில் நிலைநிறுத்துவதால், இவற்றின் சர்க்கரைகளில் கரிமம்-13 அளவு வேறுபடுகிறது. மாம்பழச் சாற்றில் கரும்புச் சர்க்கரை கலந்தால் இவ்வளவு மாறிவிடும். அன்னாசி இதற்கு விதிவிலக்கு. அது சி.ஏ.எம் வகைத் தாவரமாதலால் அதன் மதிப்பு கரும்பினுடையதை ஒட்டியே இருக்கும். பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த சர்க்கரைக் கிழங்கு சி3 தாவரமாதலால் அதன் சர்க்கரையையும் கரிம ஐசோடோப்பு காட்டாது. பிரான்சின் நாந்த் பல்கலைக்கழகத்தில் உருவான அணுக்கரு காந்த ஒத்ததிர்வு முறை அக்குறையைப் போக்கியது. முதலில் திராட்சை மதுவில் சேர்க்கப்படும் சர்க்கரையைக் கண்டறியவே அது பயன்பட்டது. பின்னர் பழச்சாற்றுக்கும் வந்தது.

அமெரிக்காவின் பீச்-நட் நிறுவன வழக்கு இங்கு நினைவுகூரத்தக்கது. குழந்தைகளுக்கான "100% ஆப்பிள் சாறு" என அந்நிறுவனம் விற்ற பானம், பெரும்பாலும் சர்க்கரை நீரும் சுவையூட்டிகளும் கலந்தது. 1987-இல் நிறுவனம் 215 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டது. 20 இலட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பி.சி.ஆர் உணவு ஆய்வகங்களுக்கு வருமுன்பே அந்த மோசடி வெளிப்பட்டுவிட்டது.

உள்ளதா, எவ்வளவு உள்ளது?

இத்தாலியின் பார்மா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாதுளைப் பொருள்களில் கலக்கப்படக்கூடிய 10 பழங்களைக் கண்டறியும் டி.என்.ஏ அடையாளங்களை 2016-இல் வெளியிட்டனர். கலக்கக் கூடாத பழம் உள்ளதா என்ற கேள்விக்கு இத்தகைய முறை போதும். ஆனால் சொல்லப்பட்ட பழம் போதிய அளவு உள்ளதா என்பது வேறு கேள்வி.

மாதுளை, புளுபெர்ரி ஆகிய பெயர்களைத் தாங்கி அமெரிக்காவில் விற்கப்பட்ட ஒரு சாற்றில் மாதுளை 0.3%, புளுபெர்ரி 0.2% மட்டுமே இருந்தன, 99.4% ஆப்பிளும் திராட்சையும். இதுபற்றிப் பாம் வொண்டர்ஃபுல் நிறுவனம் கோகோ கோலா நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அவ்வாறு வழக்குத் தொடுக்க இடமுண்டு என 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. 2016-இல் நடுவர் குழு கோகோ கோலாவுக்குச் சாதகமாக முடிவு கூறியது. அச்சாற்றில் டி.என்.ஏ சோதனை செய்திருந்தால் "மாதுளை உண்டு" என்றே வந்திருக்கக்கூடும்.

அளவைக் கணக்கிடுவதில் இடர் உண்டு. ஓர் உயிரணுவில் உள்ள பசுங்கணிகப் படிகளின் எண்ணிக்கை பழத்துக்குப் பழமும், ஒரே பழத்தில் முதிர்ச்சிக்கேற்பவும் மாறும். சதை மிகுந்த கூழும் வடித்த சாறும் ஒரே அளவு டி.என்.ஏவைத் தருவதில்லை. ஆகவே டி.என்.ஏவின் சதவீதத்தைச் சாற்றின் சதவீதமாக அப்படியே கொள்ளக் கூடாது.

சட்டமும் நுகர்வோரும்

இந்தியாவில் 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்துக்கு மாற்றாக, 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் நடைமுறையில் உள்ளது. இதன் விதிமுறைகளின்படி, அப்படியே பருகத்தக்க பழ பானத்தில் குறைந்தது 10% பழச்சாறு இருக்க வேண்டும். எலுமிச்சைக்கு 5% போதும். அதாவது, மீதி பெரும்பகுதி நீரும் சர்க்கரையுமாக இருப்பது இவ்வகைப் பானத்தில் கலப்படம் ஆகாது. "சாறு" என்பதும் "பழ பானம்" என்பதும் சட்டத்தில் வெவ்வேறு பொருள்கள். அடர்சாற்றில் நீர் சேர்த்துத் தயாரித்த சாறுகளின் சிட்டையிலும் விளம்பரத்திலும் "100% பழச்சாறு" என்ற கூற்றை நீக்குமாறு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 சூனில் உத்தரவிட்டது. சேர்த்த சர்க்கரை கிலோவுக்கு 15 கிராமைத் தாண்டினால், "இனிப்பூட்டிய சாறு" எனக் குறிப்பிட வேண்டும்.

ஐயம் எழும் நுகர்வோர், இச்சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, தாம் வாங்கிய உணவை உரிய கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். குறை மெய்ப்பிக்கப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் உணவுப் பாதுகாப்புத் துறையை அணுகலாம். அலுவலர் எடுக்கும் மாதிரி நான்கு பகுதிகளாக்கப்பட்டு முத்திரையிடப்படும். பகுப்பாய்வாளர் 14 நாள்களில் அறிக்கை தர வேண்டும். அதை ஏற்காத விற்பனையாளர் மேல்முறையீடு செய்யலாம். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் மேல்முறையீட்டு ஆய்வகங்களுள் ஒன்று.

கண்ணெதிரே பிழிந்து தரும் சாறுக் கடையில் டி.என்.ஏ சோதனைக்கு வேலையில்லை. அங்கு கவனிக்க வேண்டியவை நீர், பனிக்கட்டி, பாத்திரம் ஆகியவற்றின் தூய்மையே.

வகுப்பறையில் செய்து பார்க்க

சாற்றிலிருந்து டி.என்.ஏ எடுப்பது ஏன் கடினம் என்பதை மாணவர் எளிய பொருள்களைக் கொண்டு உணரலாம். பாதி வாழைப்பழத்தை நன்கு மசித்து, அரை குவளை நீர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி பாத்திரம் துலக்கும் திரவம் ஆகியவற்றைச் சேர்த்து நுரைக்காமல் கலக்கவும். பத்து நிமிடம் கழித்து மெல்லிய துணியில் வடிகட்டவும். வடிநீரின் மேல், குளிரவைத்த எரிசாராயத்தைக் குவளையின் ஓரமாக மெதுவாக ஊற்றவும். இரு அடுக்குகளுக்கும் இடையே வெண்ணிற நூல்கள் திரளும். அவற்றில் டி.என்.ஏவுடன் பெக்டினும் புரதமும் கலந்திருக்கும். இதையே கடையில் வாங்கிய தெளிந்த ஆப்பிள் சாற்றில் செய்தால் பெரும்பாலும் நூல்கள் தோன்றுவதில்லை. எரிசாராயம் எளிதில் தீப்பற்றும். ஆசிரியர் முன்னிலையில், அடுப்பிலிருந்து விலகியே இதைச் செய்ய வேண்டும்.

நூல் தோன்றாத குவளையைக் காட்டி, "இது கலப்படச் சாறா?" என்று மாணவரைக் கேட்கலாம். தெளியவைத்து வடித்த நல்ல சாறாகவும் இருக்கலாம், பழமே இல்லாத சர்க்கரை நீராகவும் இருக்கலாம் என்பதே சரியான விடை. ஆய்வகத்திலும் நிலைமை இதுவே. பழத்தின் பெயரை வரையறுக்கும் தரவிதி, சர்க்கரையைக் காட்டும் ஐசோடோப்பு முறை, இனத்தைக் காட்டும் டி.என்.ஏ சோதனை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்த பின்னரே ஒரு சாற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இயலும்.